பாம்பு பிடிக்கத் தெரியாத தலைவர்

"பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"தெரியாது சார்" என்றார் கன்னியம்மா.

எனக்குத் தெரிந்து அரசாங்கத்துக்கும் கன்னியம்மாவுக்கும் நடந்த முதல் பேச்சுவார்த்தை அதுதான். அதற்கு முன்னால் அவர் பல தேர்தல்களில் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் ஓட்டுப் போடும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை, விரலை மட்டும் பிடிப்பார்கள்.

கோட்டாட்சியர் இளைஞர். எதிரே மேசையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற எழுத்தர், கேள்வி ஒவ்வொன்றும் முடிந்ததும் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மின்விசிறி சுற்றியது. அறையில் பசை வாசமும் மழையில் நனைந்த கோப்பு வாசமும் அடித்தன. கன்னியம்மாவின் கையிலிருந்து மட்டும் சவுக்குப் பட்டையின் வாசம் வந்தது. காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் சுவரோரப் பெஞ்சில் இருந்தேன். அவருடைய சாதிச் சான்றிதழ் மனுவைத் தட்டச்சு செய்தவள் என்பதைத் தவிர எனக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது.

"எலி பிடிப்பீங்களா? வளையை வெட்டி?"

"இல்ல சார்."

"தேன் எடுப்பீங்களா?"

"எங்க தோப்புல தேன் இல்ல சார்."

"பொண்ணு வயசுக்கு வந்தா பச்சை ஓலையில தனிக் குடிசை கட்டி உட்கார வைப்பீங்களாமே?"

"ஓலை வெட்டுனா தோப்புக்கார நைனா வுடமாட்டாரு சார்."

"குலதெய்வம்?"

"கன்னியம்மா."

"உங்க பேரைக் கேட்கலம்மா."

"சாமி பேரும் அதான் சார்."

எழுத்தர் முதல்முறையாக ஒரு சரி போட்டார். பிறகு குனிந்து, "ஒண்ணு பொருந்துது சார், மீதி பொருந்தல" என்றார்.

கன்னியம்மா இருளர் பழங்குடி. அவர் அப்பா இருளர், அம்மா இருளர், வீட்டுக்காரர் ஏழுமலையும் இருளர். ஆனால் அன்று காலை அந்த அறையில் அவர் இருளர் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்தார்.

மூக்கை அளந்தவர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக வேண்டும். மன்னிக்க வேண்டும், நான் அரசியல் அறிவியல் படித்தவள். அந்தப் படிப்பைக் கேட்டு வேலை கொடுப்பவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் யாரும் இல்லை. இரும்பு உருக்கும் ஆலைக்காரர்கள் வெல்டிங் தெரியுமா என்று கேட்டார்கள். ஆகவே தாலுகா ஆபீசுக்கு எதிரே மார்ட்டின் அண்ணனின் ஜெராக்ஸ், டைப்பிங், ரப்பர் ஸ்டாம்ப் கடையில் சேர்ந்தேன். அந்தக் கதையை இந்தத் தொடரில் சென்ற வாரமே சொல்லிவிட்டேன்.

கோட்டாட்சியர் கேட்ட கேள்விகளை நான் முன்பே படித்திருந்தேன். கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில், வெள்ளைக்கார அதிகாரிகள் நம்மூர்ச் சாதிகளைப் பற்றி எழுதி வைத்த தடித்தடிப் புத்தகங்கள் இருந்தன. இவர்கள் எலி தின்பார்கள், அவர்கள் இரவில் திருடுவார்கள், இன்னொருவர் நம்பத் தகுந்தவர். ஆடு மாடுகளைப் பற்றிக்கூட இவ்வளவு உறுதியாக யாரும் எழுத மாட்டார்கள்.

மூக்கையும் அளந்திருக்கிறார்கள். ஒரு கருவியை வைத்து நீளம், அகலம் எடுத்து, இந்த மூக்கு இன்ன இனம் என்று எழுதினார்கள். ஆளப்படுகிறவர்களை வகை பிரித்து வைத்தால் ஆள்வது சுலபம். பிறகு அவர்கள் கப்பல் ஏறினார்கள். மூக்குக் கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கேள்வித்தாள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பழங்குடிகளுக்குச் சலுகை தர வேண்டும் என்று நல்ல மனத்தோடு நம் அரசு முடிவு செய்தது. பழங்குடி யார் என்று கண்டுபிடிக்க அதே தாளை எடுத்து மேசையில் வைத்தது.

இதையெல்லாம் ஒருநாள் கடையில் மார்ட்டின் அண்ணனிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன்.

"இன்னாம்மா நசீமா, டோனர் மாத்துனியா?" என்றார்.

நைனா கடைக்கு வந்தார்

சுனாமி வந்து போன பிறகு நடந்த ஊராட்சித் தேர்தல் அது. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் ஆந்திரா எல்லையைத் தாண்ட வரிசை கட்டி நிற்கும். அங்கிருந்து கிழக்கே உப்பங்கழிப் பக்கம் போனால், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊராட்சி. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கன்னியம்மா கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அங்கே பெரிய தோப்பு வைத்திருந்தவரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும். எல்லையோர வழக்கம், தெலுங்கில் நைனா என்றால் அப்பா. அவரைவிட வயதானவர்களும் அவரை அப்பா என்றார்கள்.

நைனா ஒருமுறை ஊராட்சித் தலைவராக இருந்தார். அடுத்தமுறை பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள், அவர் மனைவி தலைவரானார். அந்த அம்மா ஊராட்சி மன்றத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை என்று அங்குள்ள கிளார்க்கே சொல்வார். இந்தமுறை சுழற்சியில் பழங்குடிப் பெண்ணுக்கு என்று வந்துவிட்டது. நைனா கடைக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டார்.

"இருளர் சர்டிபிகேட் ஒண்ணு வோணும்ப்பா, அர்ஜெண்ட்டு."

"யாருக்கு நைனா?" என்றார் மார்ட்டின் அண்ணன்.

"நம்ம ஆளுக்கு."

"எதுக்கு?"

"நாம தலைவர் ஆவறதுக்கு."

அவர் தோப்பில் நாலைந்து இருளர் குடும்பங்கள் இருந்தன. ஊராட்சியில் வேறு பழங்குடிகள் கிடையாது. அந்தக் குடும்பங்களில் கன்னியம்மாவைத் தேர்ந்தெடுத்ததற்கு நைனா ஒரே காரணம் சொன்னார். அதிகம் பேச மாட்டாள்.

"முன்ன அதுங்களே கேட்டுச்சுங்க, புள்ளைய ஸ்கூல்ல சேக்க இந்த சர்டிபிகேட் வோணும்னு. நான்தான் வோணாம்னுட்டேன். இப்ப பாரு, எனக்குப் பேஜாரு" என்றார்.

"அந்த அக்கா தேர்தல்ல நிக்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. மார்ட்டின் அண்ணனைப் பார்த்து, "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்றார்.

"பழவேற்காட்டுப் பொண்ணு நைனா. நெறைய படிச்சிட்டுது."

"அய்யோ பாவம்" என்றார் நைனா.

எங்கள் ஊர் ஏற்றுமதி

பழவேற்காடு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணி கொண்டுபோனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். என் வாப்பா துணி வியாபாரி, அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை உண்டு.

ஆட்களையும் கொண்டுபோனார்கள். பஞ்ச காலத்தில், இந்தக் கரையில், துணி மூட்டைக்குப் பக்கத்தில் மனிதர்களை விலைக்கு வாங்கி ஜாவா பக்கம் ஏற்றியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அடிமை வியாபாரம் என்றால் ஆப்பிரிக்கா படம் போட்டிருக்கும். எங்கள் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அந்தக் கடல்தான் தெரியும். டீச்சர் வெயில் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

பிறகு ஆங்கிலேயர்கள் வந்தார்கள். கம்பெனி ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமை கூடாது என்று அந்தச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. இவன் என் அடிமை என்று யாராவது வழக்குக் கொண்டுவந்தால் கோர்ட் அதை ஏற்காது என்றது. பண்ணைக்காரர்கள் சட்டத்தை அப்படியே மதித்தார்கள். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். அடிமை என்ற சொல் மறைந்து அட்வான்ஸ் என்ற சொல் வந்தது. தாத்தா வாங்கிய அட்வான்சுக்குப் பேரன் வேலை செய்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, அதையும் ஒழிக்கச் சட்டம் வந்தது. அப்படிப் பிடித்து வைக்கப்பட்டவர்களை விடுவித்துச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது. அவர் வேறு யாரும் இல்லை, பழங்குடிச் சான்றிதழ் கொடுக்கும் அதே கோட்டாட்சியர்தான். ஒரே நாற்காலி, இரண்டு அதிகாரம். முதல் அதிகாரத்தைத் தேடி ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இரண்டாவதைத் தேடி வருகிறவர்கள் குறைவு, வரமுடிந்தால் அவர்களுக்கு அந்தச் சான்றிதழே தேவைப்படாது.

நைனாவின் கார்

விசாரணைக்கு நைனாவின் காரில்தான் போனோம். நைனா முன்சீட்டில். பின்னால் கன்னியம்மாவும் நானும். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று கன்னியம்மா கேட்டதாகவும், வேறு ஆள் இல்லாததால் மார்ட்டின் அண்ணன் என்னை அனுப்புவதாகவும் ஏற்பாடு. "வாயத் தொறக்காத" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கன்னியம்மா கார் கண்ணாடியில் முகம் ஒட்டும்படி உட்கார்ந்திருந்தார். சிப்காட்டின் புகைபோக்கிகள் வந்தன. இந்தியில் பலகை வைத்த சாப்பாட்டுக் கடை வந்தது. ஒரு லாரி நிறைய இரும்புத் துண்டுகள் குலுங்கிக்கொண்டு போயின. எல்லாவற்றையும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் போகும்வரை பார்த்தார்.

"அக்கா, தலைவர் ஆவறதுல உங்களுக்கு விருப்பமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வெளிய போலாம்னாங்க. வந்தேன்."

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"ஒருத்தர் வெளிய போனா மத்தவங்க உள்ள இருக்கணும் பாப்பா. நான் திரும்பிப் போற வரைக்கும் அவரும் புள்ளைங்களும் தோப்புலதான் இருக்கணும்."

முன்சீட்டில் நைனா, வண்டியோட்டியிடம் நாஷ்டாவுக்கு எங்கே நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். கன்னியம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். அவருக்கு அதில் மறைக்க எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நைனா சாட்சி சொல்கிறார்

இப்போது திரும்பவும் அந்த அறை.

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?" என்று கோட்டாட்சியர் கன்னியம்மாவைக் கேட்டார்.

"சவுக்கு வெட்டுவேன் சார். பட்டை உரிப்பேன். கட்டு கட்டி லாரி ஏத்துவேன்."

"அது எல்லாரும் செய்யற வேலை சார்" என்றார் எழுத்தர். "தள்ளுபடின்னு போட்டுரவா?"

கோட்டாட்சியர் தாளைத் திருப்பினார். "ஊர்ல செல்வாக்கான சாட்சி யாரோ வந்திருக்காருன்னு சொன்னீங்களே, கூப்பிடுங்க" என்றார்.

நைனா உள்ளே வந்தார். கதவோரத்தில் நின்று பெருக்கல் குறிகளை எண்ணியிருப்பார் போல, முகம் வேர்த்திருந்தது. வேட்புமனுத் தாக்கல் முடிய அதிக நாள் இல்லை.

"சார், இவ சுத்தமான இருளச்சி சார். நான் சொல்றேன்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்கு சார் தெரியும்? எங்க தாத்தா வச்சிருந்தாரு, எங்க நைனா வச்சிருந்தாரு, இப்ப நான் வச்சிருக்கேன்."

கோட்டாட்சியர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இவங்களுக்குப் பாம்பு பிடிக்கத் தெரியலையே. எலி பிடிக்கத் தெரியலை. தேன் தெரியலை."

"அது எப்டி சார் தெரியும்?" நைனாவுக்கு இப்போது குரல் வந்துவிட்டது. "வெளிய வுட்டாத்தான தெரியும். தோப்புலயே பொறந்து தோப்புலயே வளந்ததுங்க. நாங்க அப்டியெல்லாம் சுத்த வுடமாட்டோம் சார்."

"ஓ. சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு?"

"ஒருத்தர் போனா மத்தவங்க இருக்கணும். எங்க தாத்தா காலத்து ஏற்பாடு. அன்னியிலருந்து ஒருத்தரும் ஓடிப் போனதில்ல."

"வேற எடத்துல வேலைக்குப் போகணும்னா?"

"அட்வான்ஸ் கீதே சார். அது தீராது."

"கூலி?"

"அதுல கழிச்சிக்குவோம். அரிசி குடுக்கறோம், துணி குடுக்கறோம். டப்பு எதுக்கு அதுங்களுக்கு?"

"புள்ளைங்க படிக்கறாங்களா?"

"கட்டு கட்டறதுக்குச் சின்னக் கைதான் சார் வாட்டம்."

ஒவ்வொரு பதிலையும் கோட்டாட்சியர் எழுதிக்கொண்டார். அவர் எழுத எழுத, நைனாவுக்கு வழக்கு ஜெயிக்கிறது என்று தெம்பு வந்தது. கேட்காததையும் சொன்னார். ஒருமுறை தப்பித்துப் போகப் பார்த்த ஒருவரை எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவிலிருந்து வண்டி வைத்துக் கூட்டிவந்ததைச் சொன்னார். இருளர் மேல் தன் குடும்பம் வைத்திருக்கும் அக்கறைக்கு அதைச் சான்றாக வைத்தார்.

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் தேர்வுக்குப் படித்த சட்டத்தில் கொத்தடிமை என்பதற்கு என்னென்ன அடையாளம் சொல்லியிருந்ததோ, அதை வரிசைகூட மாறாமல் ஒருவர் தானாக முன்வந்து சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

"ரொம்ப உதவியா இருந்தது" என்றார் கோட்டாட்சியர். "கையெழுத்துப் போட்டுட்டு வெளிய இருங்க."

நைனா அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். படித்த பெண்ணே, பார்த்துக் கற்றுக்கொள் என்பதுபோல.

ஒரு காகிதம், இன்னொரு காகிதம்

கதவு சாத்தியதும் கோட்டாட்சியர் எழுத்தரிடம், "இருளர்னு சான்றிதழ் போடுங்க" என்றார்.

"பழக்கவழக்கம் பொருந்தலையே சார்?"

"பொருந்தாததுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சே."

எழுத்தர் சான்றிதழ் எழுதப் போனார். கோட்டாட்சியர் கன்னியம்மாவைப் பார்த்தார். "அவர் சொன்னதெல்லாம் உண்மையாம்மா?"

கன்னியம்மா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"உண்மைன்னு நீங்க சொன்னா, உங்க எல்லாரையும் இன்னிக்கே அங்கருந்து வெளிய கொண்டுவர என்னால முடியும். அட்வான்ஸ் செல்லாது. ஆனா நீங்க சொல்லணும்."

மின்விசிறி சுற்றியது. எனக்கு எழுந்து நின்று, சொல்லுங்க அக்கா என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் தோப்பில் இருந்தது என் பிள்ளைகள் இல்லை. ஆம் என்றால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் கணக்குப் போடத் தெரியும். இல்லை என்றால் அவர் நைனாவின் காரில் திரும்பிப் போவார், தலைவராவார், அதற்கு மறுநாளும் சவுக்கு வெட்டுவார்.

"சார்" என்றார் கன்னியம்மா. "அந்த மொத பேப்பர் எழுதியாச்சா?"

எழுதியாகிவிட்டது என்று எழுத்தர் கொண்டுவந்தார்.

"நீங்க கையெழுத்து போட்டாச்சா?"

கோட்டாட்சியர் போட்டார். முத்திரை விழுந்தது. கன்னியம்மா எழுந்து போய் அதை வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து உட்காரவில்லை.

"அவரு சொன்னது நெசந்தான் சார். நான் ஒண்ணும் சேத்துச் சொல்லத் தேவையில்ல. புள்ளைங்க அங்க கீதுங்க. நைனா கார் போறதுக்கு முன்ன உங்க வண்டி போவணும்."

கோட்டாட்சியர் மணி அடித்தார்.

நான் வெளியே வந்தபோது நைனா வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, சர்டிபிகேட் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"அப்பாடா" என்று டம்ளரை வைத்தார். வாசலில் போலீஸோடு ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. "அந்த ஜீப்பு எங்கம்மா இவ்ளோ வேகமா போவுது?"

"உங்க தோப்புக்கு" என்றேன்.

புயல் இல்லாத நாளில்

சாயங்காலத்துக்குள் எல்லாக் குடும்பங்களும் வெளியே வந்துவிட்டன. ஜீப்பில் இடம் போதாமல் ஒரு டிராக்டரும் போனது. ஏழுமலை ஒரு கையில் கோழியையும் இன்னொரு கையில் சின்ன மகளையும் பிடித்திருந்தார். நைனா மீது வழக்குப் பதிவானது, அவர் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி வந்தது. கன்னியம்மா ஊராட்சி எல்லையைத் தாண்ட மறுத்தார். காரணத்தை நானும் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. வேறு ஊரில் கொண்டுபோய் வைத்தால் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் இல்லாதவர் தேர்தலில் நிற்க முடியாது. ஜெயித்த பிறகு பெயர் போனாலும் பதவி போகும்.

கடைசியில் புயல் பாதுகாப்புக் கட்டடம் கிடைத்தது. கடலோர ஊர்களில் தூண்கள் மேல் உயரமாகக் கட்டியிருப்பார்களே, அதேதான். கோட்டாட்சியர் வாய்மொழியாகத் திறக்கச் சொன்னார். ஊராட்சி கிளார்க் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"மேகமே இல்லியே சார். புயல் வந்தாத்தான் தொறக்கணும்னு ரூல் கீது."

"தொறங்க, வந்துரும்" என்றார் கோட்டாட்சியர்.

வேட்புமனுவை முன்மொழிய அந்த ஊராட்சி வாக்காளர் ஒருவர் தேவை. நைனாவின் கணக்குப்பிள்ளை முன்மொழிவதாக இருந்தது, அவர் வரவில்லை. ஏழுமலை முன்மொழிந்தார். ஏழுமலையின் பெயரைப் பட்டியலில் சேர்த்தது யார் தெரியுமா? நைனாதான். தோப்பிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் சேர்த்து, தேர்தல்தோறும் சவுக்கு ஏற்றும் லாரியில் ஏற்றி, தான் காட்டிய சின்னத்துக்கே ஓட்டுப் போட வைத்தவர் அவர். வீட்டைவிட்டு வெளியே போக உரிமை இல்லாதவர்களுக்கு நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் ஒழுங்காகக் கிடைத்துவந்தது. நம் மக்களாட்சிக்கு நைனா செய்த பணியை யாரும் மறுக்க முடியாது.

போட்டி வேட்பாளர் தேடி அவர் எல்லைக்கு அந்தப் பக்கம்வரை போனார். பழங்குடிப் பெண்கள் கிடைத்தார்கள், ஆனால் யாருக்கும் இந்த ஊரில் ஓட்டு இல்லை. புயல் கட்டடத்திலிருந்த மற்றப் பெண்களுக்குப் புதுச்சேலை அனுப்பிவைத்தார். அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மனு யாரும் போடவில்லை.

கன்னியம்மா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தலைவரின் முதல் கோப்பு

பதவியேற்ற வாரத்தில், மார்ட்டின் அண்ணன் "ஊராட்சி மன்றத் தலைவர்" என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து என்னிடம் கொடுத்தனுப்பினார். வழக்கமான வாடிக்கையாளருக்குப் போடும் விலையே போட்டார், சலுகை இல்லை.

புயல் கட்டடத்தின் மேலே ஏறிப் போனேன். கூடம் முழுக்கக் கொடி கட்டித் துணி காய்ந்தது. மூலையில் மூன்று கல் அடுப்பு. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக உப்பங்கழி வெள்ளையாகத் தெரிந்தது. தலைவர் தரையில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப்பை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"குந்து பாப்பா. துன்னுட்டுதான் போவணும்."

கொஞ்ச நேரத்தில் ஊராட்சி கிளார்க் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கையில் ஒரு கோப்பு. எங்கே நிற்பது, எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை. முன்பு இதே கன்னியம்மாவைத் தோப்பில் வைத்து அவர் எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இப்போது பெயரும் இல்லாமல் பதவியும் இல்லாமல், அடுப்பைப் பார்த்துப் பேசினார்.

"மேலருந்து ஒரு பேப்பர் வந்துகீது. கைநாட்டு வைக்கணும். புது ஸ்டாம்ப்பும் போட்டுரலாம்."

"இன்னா பேப்பரு?"

"சும்மா, ரொட்டீன்தான்."

"பாப்பா, படி" என்றார் கன்னியம்மா.

படித்தேன். நைனாவும் ஊரார் சிலரும் புகார் கொடுத்திருந்தார்கள். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சிலர் அத்துமீறிக் குடியிருக்கிறார்கள், புயல் எதுவும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று. நடவடிக்கை எடுக்கும்படி மேலிடம் ஊராட்சிக்கு அனுப்பியிருந்தது. கோப்பில் கிளார்க்கே எழுதி வைத்த நோட்டீஸ் இருந்தது. உடனடியாகக் காலி செய்யாவிட்டால் காவல்துறை உதவியோடு அப்புறப்படுத்தப்படுவீர்கள்.

நைனாவின் கணக்கு புரிந்தது. இங்கிருந்து கிளப்பினால் இந்த ஊராட்சிக்குள் ஒண்ட வேறு இடம் கிடையாது. வெளியே போனால் பெயர் போகும், பதவி போகும், சுழற்சி முடியும்வரை ஊராட்சி காலியாகக் கிடக்கும். காலியான ஊராட்சியில் பழையபடி யார் பேச்சு நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏழுமலை அடுப்பைக் கிளறுவதை நிறுத்தினார். காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்குப் பின்னாலிருந்து மற்றவர்கள் வந்து நின்றார்கள். சட்டத்தில் ஏதாவது பிரிவு இருக்குமா என்று படித்ததையெல்லாம் தலைக்குள் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

கன்னியம்மா மகளின் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"இந்த நோட்டீஸ் யாரு குடுக்கறது?"

"தலைவர்தான் குடுக்கணும்" என்றார் கிளார்க்.

"யாருக்கு குடுக்கணும்?"

"இங்க குடியிருக்கறவங்களுக்கு."

"மொத பேரு யாரு பேரு போட்டுகீது?"

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்து வாசித்தேன். "கன்னியம்மா, கணவர் பெயர் ஏழுமலை."

கன்னியம்மா கையை நீட்டினார். கோப்பைக் கொடுத்தேன். திறந்து பார்க்கவில்லை, ஒருமுறை எடை பார்ப்பதுபோல் கையில் வைத்திருந்தார். பிறகு அரிசி மூட்டையின் மேல் வைத்து, அதன் மேல் புது ரப்பர் ஸ்டாம்ப்பை வைத்தார்.

"சரி, நீ போ" என்று கிளார்க்கிடம் சொன்னார். "அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

கிளார்க் நகரவில்லை. "மேல என்னா பதில் எழுதறது?"

"தலைவர் பேசிக்கினு கீறாங்கன்னு எழுது."

அவர் படியிறங்கிப் போனார். கன்னியம்மா மகளின் தலையைத் திரும்பவும் மடிக்கு இழுத்துக்கொண்டார்.